புதுக் காது

கும்மிடிப்பூண்டியில் நான் குடிவந்த அன்று, அட்டைப்பெட்டிகளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார். ஒரு கையில் டீ டம்ளர், இன்னொரு கையில் செல்போன். டீயைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் டீயை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, போனை என் காதில் வைத்தார்.

"டீ ஆறட்டும். மொதல்ல இத்த கேளு."

பெயர் கேட்கவில்லை. எந்த ஊர், எந்தக் கம்பெனி, கல்யாணம் ஆகிவிட்டதா என்று எதுவுமே கேட்கவில்லை. போனுக்குள் ஏதோ ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கனத்த ரீங்காரம். அதன் மேலே மெல்லிசாக இன்னொரு குரல். இரண்டும் ஒட்டவும் இல்லை, விலகவும் இல்லை. ஒன்றையொன்று உரசி 'வ்வம், வ்வம்' என்று துடித்தன. கீபோர்டில் ஒரு வெள்ளைக் கட்டையையும் அதை ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டையையும் சேர்த்து அமுக்கினால் பல் கூசுமே, அப்படி. நான் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

அக்கா சத்தத்தைக் கேட்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்ச சுளிச்சியே, இன்னாத்துக்கு?"

"ரெண்டு சுரம் உரசுதுக்கா. சண்டை போடற மாதிரி இருக்கு."

அவர் முகம் வெளிறிப்போவதைப் பார்த்தேன். என் வாசலில் நின்றபடியே மகனுக்குப் போன் போட்டார். "நைனா, அத்த உட்டு தள்ளி நில்லு. மெக்கானிக்க கூப்டு. சொல்றது காதுல உழுதா?" அந்தப் பக்கம் மகன் கத்தியது எனக்கே கேட்டது: "எம்மா, பேஜாரு பண்ணாதம்மா! அது எப்பவும் அப்டிதான் கத்தும்!"

டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அதை அப்படியே குடித்தேன்.

அந்தத் தெருவுக்குப் புதிதாக வரும் யாரும் அக்காவிடமிருந்து தப்ப முடியாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். மகன் சிப்காட் தொழிற்பேட்டைக்குள் ஒரு கம்பெனியில் கம்ப்ரஸர் ஷெட்டில் வேலை பார்த்தான். காற்றை அழுத்திக் குழாய் வழியாகக் கம்பெனி முழுக்க அனுப்பும் பெரிய இயந்திரம் அது. ஒவ்வொரு ஷிப்டிலும் அதன் பக்கத்தில் போனைப் பிடித்து அம்மாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் அம்மா கம்பெனி வாசலுக்கே வந்துவிடுவார். வந்த மெசேஜை அவர் ஒரே ஒரு தடவை கேட்பார். அன்றைக்குப் புது ஆள் யாராவது கிடைத்தால் அவருக்கும் போட்டுக் காட்டுவார். உடனே அழித்துவிடுவார். கியாஸ் ஏஜென்சியில் புதிதாகச் சேர்ந்தவர், கல்யாணமாகி வந்த எதிர்வீட்டு மருமகள், இன்சூரன்ஸ் விற்க வந்து மாட்டிக்கொண்ட டை கட்டிய ஆள், எல்லார் காதிலும் அந்தப் போன் ஏறியிருக்கிறது. "புதுக் காது வந்துகீது" என்பார், ஏதோ மார்க்கெட்டுக்கு நல்ல மீன் வந்த மாதிரி.

"ஏன்க்கா, உங்க பையன் தினம் அதுகூடவே நிக்கறான். அவனுக்குத் தெரியாதா?"

"தெனம் நிக்கிறவனுக்குத்தான் பாப்பா தெரியாது. மொத தபா காது கேக்கும். ரெண்டாவது தபாவும் கேக்கும். மூணாவது தபா காது ஒத்துக்கும். அதுக்கப்றம் அது காது இல்ல, தோலு."

அவர் வாழ்க்கையே மூன்றாவது தடவைக்குப் பயந்து ஓடுவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ரிங்டோனை மாற்றுவார். சுவர்க்கடிகாரத்தில் பேட்டரி கிடையாது. அந்த டிக் டிக் பழகிவிடுமாம். மாதம் ஒருமுறை பொதட்டூர்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போவார். வயல் ஓரம் வீடு, கரன்ட் மோட்டாரும் தூரம். "காத கழுவிக்கினு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஊறுகாய் பாட்டிலோடு பஸ் ஏறுவார்.

என் அறையில் இருந்த வள்ளூர்ப் பெண்ணை அவருக்குப் பிடிக்காது. அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள்; நிசப்தமாக இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது, மார்கழிக் குளிரிலும் ஃபேன் ஓடவேண்டும். "அவ காது போய் சேந்துடுச்சு" என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார். அவள் சும்மா இருப்பாளா? "ஆன்ட்டி, போய் சேந்த காதுக்கு மாலை வாங்கிப் போடுங்க" என்று மாடியிலிருந்து கத்துவாள்.

நான் வேலை பார்த்தது ஒரு பெயின்ட் கம்பெனியின் லேபில். முதல் நாள் தின்னர் வாடையில் வாந்தியே எடுத்தேன். ஒரு வாரத்தில் வாடை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்ததும் அக்கா இரண்டடி பின்வாங்கிச் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"உனுக்கு அடிக்கல?"

"இல்லியே."

"வாடை போச்சா, மூக்கு போச்சா?"

சிரித்துக்கொண்டே உள்ளே போய் என் சட்டையை முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் முதல்முறையாகச் சிரிப்பு பாதியில் நின்றது.

கணவரைப் பற்றி அவர் முழுதாக ஒருநாளும் சொன்னதில்லை. அரிசி களையும்போது கொஞ்சம், துணி மடிக்கும்போது கொஞ்சம். வேறொரு கம்பெனியில் காற்றை ஊதித் தள்ளும் பெரிய ப்ளோயர் ஓட்டியவர். கூர்மையான காது. தெருமுனையில் சைக்கிளில் வரும்போதே, "ஒரு விசில் அதிகமா உட்டுட்ட, சோறு கொழஞ்சிருக்கும்" என்று கத்துவாராம். உள்ளே வந்து பார்த்தால் குழைந்துதான் இருக்கும். அந்த மனிதர்தான் ப்ளோயர் சத்தத்தைப் பற்றிச் சொன்னாராம்: "அது எனுக்குத் தாலாட்டு மாதிரி." ஒருநாள் ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் காற்றாடி உடைந்து சிதறியது. பக்கத்தில் நின்ற அவர் பிழைக்கவில்லை. விசாரிக்க வந்த அதிகாரி அக்காவிடம் கேட்டாராம்: "சத்தம் ரொம்ப நாளா மாறியிருக்கணுமேம்மா. உங்க வீட்டுக்காரருக்குக் கேக்கலியா?"

இதைச் சொல்லிவிட்டு அக்கா என்னையே பார்த்தார். பதிலை நான் சொல்லவேண்டும் என்பது போல.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த உரசல் எனக்குப் பிடித்துப் போயிருந்தது. இசை என்றால் எனக்குப் பைத்தியம். அதிலும் ஒத்துப்போகாத சுரங்கள் என்றால் தனிப் பைத்தியம். முதல் நாள் கேட்ட வாய்ஸ் மெசேஜை அழிக்கும் முன்பே கெஞ்சி என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருந்தேன். அப்போது எங்கள் தெருக்கோடி சர்ச்சில் கீபோர்டு வாசிக்க ஆள் இல்லை. நான் போய் உட்கார்ந்தேன். பெரிய வெள்ளிக்கு ஒரு பாட்டு அமைத்தேன். 'தாகம்' என்ற சொல் வரும் இடத்தில், பெண்கள் ஒரு சுரத்திலும் ஆண்கள் அதை ஒட்டிய அடுத்த சுரத்திலும் நிற்கவேண்டும். சாட்சாத் அந்தக் கம்ப்ரஸர் உரசல்.

முதல் ஒத்திகையில் கலகமே வந்துவிட்டது.

"இன்னாம்மா இது, தகரத்துல ஆணி இழுக்குற மாதிரி?"

"ஏசு செலுவையில பட்டது போதாதா? நாமளும் படணுமா?"

நான் கீபோர்டின் மேல் எழுந்து நிற்காத குறை. "முதல்ல காப்பி கசக்கல? பாவக்காய் கசக்கல? காதும் நாக்கு மாதிரிதான் அண்ணே. கேக்கக் கேக்க இனிக்கும். பெரிய வெள்ளி வரைக்கும் டைம் குடுங்க" என்றேன்.

குழுவில் அக்காவும் இருந்தார். தடித்த, நிலையான கீழ்க்குரல். ஒரு பாட்டை ஒத்திகையில் இரண்டு முறைதான் பாடுவார். மூன்றாவதற்கு நான் கட்டையில் கை வைத்ததும் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்றுகொள்வார். கதவு வழியாக அவருடைய முதுகு தெரியும். இரண்டு காதிலும் விரல்.

நான் சொன்னபடியே ஆயிற்று. சில வாரங்களில் யாரும் பல்லைக் கடிக்கவில்லை. பிறகு அந்த இடம் வரும்போது கண்ணை மூட ஆரம்பித்தார்கள். ஒருநாள் வேண்டுமென்றே அந்த உரசலை எடுத்துவிட்டுச் சாதாரணமாக வாசித்தேன். ஆணி இழுக்கிறது என்று சொன்ன அதே அண்ணன், "இன்னாம்மா, உப்பு இல்லாத மாதிரி சப்புனு கீது. பழையபடி போடு" என்றார். நான் ஜெயித்துவிட்ட மிதப்பில் குழாயடிக்கு ஓடினேன்.

"பாத்தீங்களாக்கா? எல்லாருக்கும் புடிச்சிப்போச்சு!"

அக்கா காதிலிருந்து விரலை எடுத்தார். "புடிச்சிப் போச்சா பாப்பா, இல்ல வலிக்கிறது நின்னு போச்சா?"

இரண்டும் ஒன்றா, வேறு வேறா?

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் ஒரு மாலை. சர்ச் ஹாலில் தனியாக வயர்களைச் செருகிக்கொண்டிருந்தேன். அக்கா வேகமாக வந்தார். தெருவுக்குப் புதுசாக யாரும் வந்து நாளாயிற்று. என் காதுக்கும் அந்த மெஷினைக் கேட்டு மாதக்கணக்காயிற்று. கொஞ்சமாவது புதுசாகியிருக்கும் என்று நினைத்திருக்கிறார். அன்றைய மெசேஜைப் போட்டார். கேட்டேன். அடியில் ரீங்காரம், மேலே இன்னொரு குரல், இரண்டும் சேர்ந்து நிதானமாக மூச்சு விடுவது போல.

"நல்லாருக்குக்கா. மெக்கானிக் சரி பண்ணிட்டார் போல."

"நெஜமாவா?"

"நெஜமா. ரொம்ப இதமா இருக்கு."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "அவனும் அதான் சொன்னான். ஷெட்டுல எல்லாரும் சரியாயிடுச்சுன்னாங்களாம். இந்த மாசத்தோட பெர்மனென்ட் பண்றாங்களாம். நாந்தான் பைத்தியக்காரி மாதிரி..." தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் கை சும்மா இராதே. முன்னைக்கும் இப்போதைக்கும் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கும் ஆசையில், அன்றைய மெசேஜை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். பிறகு முதல் நாள் பதிவைத் தேடி எடுத்துப் போட்டேன். நான் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்ட அதே பதிவு.

அதுவும் இதமாக இருந்தது.

இன்னொரு முறை போட்டேன். பல் கூசவில்லை. எங்கேயும் சண்டை இல்லை. மெஷினை யாராவது சரி பண்ணலாம். பதிவு செய்த சத்தத்தை யார் சரி பண்ணமுடியும்? போனுக்குள் எதுவும் மாறவில்லை. மாறியது எனக்குள். எப்போது, எந்த ஒத்திகையில், எந்த நிமிஷத்தில் என்று எனக்குத் தெரியாது. என் உடம்புக்குள் யாரோ புகுந்து ஒரு மணியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது போல இருந்தது.

"இன்னா பாப்பா?"

"அக்கா... பழசும் நல்லாருக்கு."

விளக்கம் தேவைப்படவில்லை. அவர் ஏற்கெனவே எழுந்திருந்தார். "உன் காதும் போச்சு. வண்டிய எடு."

என் ஸ்கூட்டியில் புதுக் காது தேடிப் புறப்பட்டோம். தண்ணீர் கேன் போடுகிறவரை மடக்கினார். "எந்த ஊரு நைனா?" "இதே ஊருதான்க்கா, பொறந்ததுலேர்ந்து." "வேணாம், போ." டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் ஷிப்ட் ஆட்கள். மருந்துக்கடைப் பையன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏசி சத்தமாக்கா?" என்றான். அந்த ஊரில் ஆயிரக்கணக்கான காதுகள் இருந்தன, ஒன்றும் உதவாது. சிப்காட் பக்கமிருந்து எப்போதும் வரும் அந்த உறுமலை அன்றுதான் நான் கவனித்தேன். இத்தனை மாதங்களாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"ஸ்டேஷனுக்கு உடு" என்றார் அக்கா.

சென்னை வண்டி வந்து நின்றிருந்தது. கூட்டத்தில் ஓர் ஆள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். அடர்ந்த மீசை, முதுகில் பை, கையில் மூடி போட்ட பெயின்ட் வாளி. வடக்கே எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர். அக்கா நேரே போய் வழியை மறித்தார். நான் என் போனை நீட்டினேன். தமிழ் தெரியவில்லை, போலீஸோ என்னவோ என்று பயந்து ஆதார் அட்டையை எடுத்தார். "அதெல்லாம் வேணாம்பா, கேளு, கேளு" என்று அக்கா தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

முதலில் பழைய பதிவு. புருவம் சுருங்கியது. 'இதற்கா?' என்பது போலப் பார்த்தார்.

அடுத்து அன்றையது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. கழுத்தைப் பின்னால் இழுத்து, கையைச் சுடும் பாத்திரம்போலப் போனைக் கைதூரத்தில் பிடித்தார்.

சரியாகவில்லை. இன்னும் மோசமாகியிருக்கிறது. அது மோசமாக மோசமாக எங்களுக்கு இனித்துக்கொண்டே வந்திருக்கிறது.

கம்பெனி கேட்டுக்கு மகன் வர நேரமாயிற்று. பின்னாலேயே சூப்பர்வைசரும் வந்தார். "இன்னாம்மா உன்னோட ரோதன? மெக்கானிக் பாத்தாச்சு. தெனம் நாங்க அத்தினி பேரும் அங்கதான நிக்கிறோம்? எங்களுக்குக் கேக்காததா உனுக்குக் கேட்டுடுச்சு?"

"எனுக்கும் கேக்கலய்யா. அதான் பயமா கீது."

அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகன் கம்பிக்கு அந்தப் பக்கம், அக்கா இந்தப் பக்கம். "எம்மா, ஊட்டுக்குப் போம்மா. மாசக் கடசில பெர்மனென்ட். இப்ப வெளிய வந்தேன்னா எல்லாம் போச்சு. சத்தம் நல்லாத்தான் கீது. உண்மைய சொல்லணும்னா அது இல்லன்னா எனுக்கு ஷிப்டே ஓடாது. தாலாட்டு மாதிரி..."

சொல்லி முடிக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்த சொல்லை அவனே கேட்டான். அப்பாவின் சொல் அந்த வீட்டில் எத்தனை முறை அழுகையோடு வந்திருக்கும்! கம்பியைப் பிடித்திருந்த அக்காவின் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அவன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வாட்ச்மேன் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

அந்த வாரமே அம்மாவும் மகனும் பொதட்டூர்பேட்டைக்குப் போய்விட்டார்கள். தங்கை வீட்டுக்காரரின் உரக்கடையில் அவன் உட்காருகிறான் என்று கேள்வி. பெரிய வெள்ளியன்று 'தாகம்' வந்த இடத்தில் கீழ்க்குரல் வரிசையில் ஓர் இடைவெளி இருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் கடைசிப் பெஞ்சில் காதைப் பொத்தினார். எங்கள் ஆட்கள் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

நான் என் காதைத் திரும்ப வாங்கப் பார்த்தேன். பத்துப் பதினைந்து நாள் பாட்டே கேட்காமல் இருந்தேன். லீவு போட்டுத் திருவள்ளூரில் அம்மா வீட்டில் கிடந்தேன். திரும்பி வந்து பதிவைப் போட்டால், அதே இதம். அதன் பிறகு எது பிடித்தாலும் எனக்குப் பயம். ஒரு பாட்டு இனிக்கும்போது, இனிக்கிறதா, நின்றுபோய்விட்டதா என்று அக்காவின் குரல் உள்ளே கேட்கும்.

சென்ற வாரம் சிப்காட் மதிலோரக் கடையில் நாஷ்டா சாப்பிடப் போனேன். எதிர் பெஞ்சில் அந்த மீசை. ஸ்டேஷன் ஆள். கழுத்தில் கம்பெனி அட்டை. என்னை அடையாளம் கண்டு சிரித்தார். பாதித் தமிழ், பாதிக் கைஜாடை. எங்கே வேலை என்று கேட்டேன்.

"கம்ப்ரஸர்" என்றார் பெருமையாக. வந்த வாரமே இடம் காலியாக இருந்ததாம்.

இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். போனை எடுத்து, அன்று கைதூரத்தில் அவர் பிடித்த அதே பதிவைப் போட்டு நீட்டினேன். அவர் காதில் வைத்தார். ஒரு கண் மூடும் என்று காத்திருந்தேன். புருவமாவது சுருங்கும் என்று காத்திருந்தேன். அவர் தலையை மெல்ல ஆட்டியபடி, டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"நல்லா இருக்கு" என்றார்.

போனை வாங்கிப் பையில் போட்டேன். கை கழுவவும் தோன்றவில்லை. கல்லாவில் இருந்தவரிடம், புது ஆட்கள் வந்து இறங்கும் அந்தச் சென்னை வண்டி அடுத்தது எப்போது வருகிறது என்று கேட்டேன்.